கடல் பின்வாங்கினால் ஓடுங்கள், மலை வெடித்தால் விலகுங்கள்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாதம் மேட்டு லயத்துப் பெரியம்மா ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் ஐயா, கடல் எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? சுனாமி சுனாமின்னு பேசுறீங்களே, இந்த மலை உச்சிக்கா தண்ணி ஏறி வரப்போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று செய்வோம். உங்கள் வீட்டில் கொழும்பு, நீர்கொழும்பு, பெந்தோட்டை, காலி, மாத்தறை என்று கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் இருந்தால் கையை உயர்த்துங்கள்.

பார்த்தீர்களா? பாதிக்கு மேல் கை உயர்ந்திருக்கிறது. கடைக்கு, ஹோட்டலுக்கு, வீட்டு வேலைக்கு, கட்டிட வேலைக்கு என்று நம் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். நாம் மலையில் இருந்தாலும் நம் உயிரில் பாதி கடற்கரையில் இருக்கிறது. அதனால் இது நம்முடைய விஷயமும்தான்.

பூமி ஏன் ஆடுகிறது?

நாம் நிற்கிற இந்த நிலம் ஒரே துண்டு அல்ல. பூமியின் மேல்ஓடு பல பெரிய துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. இவற்றைப் புவித்தகடுகள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். காய்ச்சின பாலின் மேலே ஏடு படிந்து, அது துண்டு துண்டாக விலகி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்த மாதிரி, உள்ளே இருக்கிற சூட்டினால் இந்தத் தகடுகளும் நகர்கின்றன. வேகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான். உங்கள் விரல் நகம் வளருகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு மெதுவாக நகருகிறது என்றால் ஏன் இவ்வளவு பெரிய அதிர்ச்சி? அதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. கவ்வாத்து மலையில் பொறுக்குகிற மிலாறை எடுத்து வளையுங்கள். முதலில் வளையும். இன்னும் கொஞ்சம் வளைத்தாலும் தாங்கும். ஒரு கட்டத்தில் படார் என்று முறியும், கையெல்லாம் அதிரும். இரண்டு தகடுகள் உரசுகிற இடத்திலும் இதுதான் நடக்கிறது. ஒன்று நகரப் பார்க்கிறது, மற்றது பிடித்துக்கொள்கிறது. நூறு, இருநூறு வருடமாக அந்த இறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் பிடி விட்டுப் போகிறது. அதுதான் பூமியதிர்ச்சி.

அதன் பெருமத்தை எண்ணால் சொல்லுவார்கள். 6, 7, 8 என்று கேட்கும்போது ஒரு படி கூடினால் ஒரு மடங்குதான் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிவருகிற சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 7க்கும் 9க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

கொல்லுவது நிலமா, வீடா?

பூமியதிர்ச்சியில் சாகிறவர்களில் பெரும்பாலானோரை நிலம் விழுங்குவதில்லை. அவர்கள் மேல் வீடு விழுகிறது. 2001 ஜனவரி 26ஆம் திகதி இந்தியாவின் குஜராத்தில் பூஜ் பகுதியில் அதிர்ச்சி வந்தபோது ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர். 2023 பெப்ரவரி 6இல் துருக்கியிலும் சிரியாவிலும் 50,000க்கும் அதிகம். கல்லும் மண்ணும் அடுக்கிய பழைய வீடுகளும், கம்பியும் சீமெந்தும் ஒழுங்காகப் போடாத மாடிக் கட்டிடங்களும் சரிந்தே இத்தனை பேர் போனார்கள். பலமாகக் கட்டிய வீடு ஆடினாலும் நிற்கும். வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது ஆடம்பரத்துக்கு அல்ல, உயிருக்குத்தான்.

இலங்கை எப்படி? நாம் இந்தியத் தகட்டின் மேலே, அதன் ஓரங்களிலிருந்து தூரத்தில் இருக்கிறோம். அதனால் ஜப்பான், இந்தோனேசியா போல அடிக்கடி பெரிய அதிர்ச்சி இங்கே வருவதில்லை. ஆனால் வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. 1615இல் கொழும்பில் பெரிய அதிர்ச்சி ஒன்று ஏற்பட்டதாகப் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் கடைசியில் கண்டி மாவட்டத்தில் திகன பக்கம் சின்ன அதிர்வுகள் உணரப்பட்டன. பயப்பட வேண்டாம். ஆனால் ஆடினால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருங்கள். வீட்டுக்குள் இருந்தால் பலமான மேசைக்குக் கீழே புகுந்து தலையை மூடிக்கொள்ளுங்கள். வெளியே இருந்தால் சுவர், கம்பம், மண்மேடு இவற்றை விட்டு விலகி நில்லுங்கள். ஆட்டம் நின்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். பின்னாலேயே சின்ன அதிர்ச்சிகள் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நத்தாருக்கு மறுநாள். காலை 6 மணி 58 நிமிடத்துக்கு இந்தோனேசியாவின் சுமாத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் அந்தப் பிடி விட்டது. பெருமம் 9.1. இந்தியத் தகடு பர்மாத் தகட்டுக்குக் கீழே போகிற இடத்தில், ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு அடிநிலம் கிழிந்தது. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை நம் நாட்டின் முழு நீளமே 430 கிலோமீற்றர் அளவில்தான். அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கடலின் அடித்தரை சில இடங்களில் பல மீற்றர் மேலே எழும்பியது.

தண்ணீர் நிறைந்த தகர வாளியின் அடியில் ஓங்கித் தட்டினால் மேலே என்ன நடக்கும்? முழுத் தண்ணீரும் துள்ளும். அதேதான். காற்று எழுப்புகிற சாதாரண அலையில் கடலின் மேல்பகுதிதான் அசைகிறது. சுனாமியில் அடியிலிருந்து மேல் வரை முழுக்கடலும் அசைகிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

நடுக்கடலில் அது மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆகாயக் கப்பலின் வேகம். ஆனால் அங்கே அதன் உயரம் ஒரு மீற்றர்கூட இராது. அன்று மேலே பறந்த செய்மதி ஒன்று அளந்தபோது நடுக்கடலில் 60 சென்ரிமீற்றர் அளவுதான் இருந்தது. படகில் இருந்த மீனவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரை நெருங்கி ஆழம் குறைந்ததும்தான் ஆபத்து. கொழுந்துக் கூடையோடு எல்லோரும் வேகமாக இறக்கத்தில் வரும்போது, முன்னால் போகிறவர் சட்டென்று மெதுவானால் என்ன ஆகும்? பின்னால் வருகிறவர்கள் முட்டி மோதிக் குவிந்துவிடுவார்கள். அலையும் அப்படித்தான். முன்பக்கம் மெதுவாகிறது, பின்பக்கம் தள்ளுகிறது, தண்ணீர் சுவர் போல உயர்கிறது.

சுமாத்ராவில் இருந்து இங்கே ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம் என்பது எவ்வளவு நேரம்! கரையில் இருந்த அத்தனை பேரும் நடந்தே தப்பியிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லை. இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை.

அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, திருகோணமலை, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி என்று இனம் மதம் பாராமல் கடல் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் 35,000க்கு மேற்பட்டோர். எல்லா நாடுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 230,000 பேர். ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரேலிய என்ற இடத்தில், கொழும்பில் இருந்து போன ரயில் முதல் அலையில் நின்றுவிட்டது. ரயில் பெட்டி பாதுகாப்பு என்று ஊர்ச்சனமும் அதில் ஏறியது. அடுத்து வந்த அலை இன்னும் பெரிது. அந்த ஒரு ரயிலோடு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள்.

என் அக்கா மகன் சொன்னது

என் அக்கா மகன் அப்போது காலியில் ஒரு கடையில் நின்றான். பதினேழு வயது. அவன் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்.

"மொதல்ல முழங்கால் அளவு தண்ணி வந்து திரும்பிப் போச்சு மாமா. பெறகு கடல் உள்ளுக்குப் போயிருச்சு. இதுவரைக்கும் யாரும் பார்க்காத பாறையெல்லாம் தெரிஞ்சிச்சு. மீன் துடிக்குது. எல்லாரும் மீன் பொறுக்க ஓடுனாங்க. நானும் பையை எடுத்துக்கிட்டு ஓடுனேன். பக்கத்துக் கடையில வேலை செஞ்ச பையன், நம்ம தோட்டப் பக்கத்துப் பையன்தான், எனக்கு முன்னாடி ஓடுனான். எங்க மொதலாளி பின்னாடி இருந்து சத்தம் போட்டாரு, கடையைத் திறந்து போட்டுட்டு எங்கடா போறேன்னு. நான் திரும்பி வந்தேன். அவன் போனான்."

அக்கா மகன் கடைக்குப் பின்னால் இருந்த மாடியில் ஏறித் தப்பினான். அந்தப் பையன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். கடல் ஏன் உள்ளே போனது என்று ஒரே ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். நான் இந்தப் பேச்சை ஒவ்வொரு தோட்டமாகப் பேசிக்கொண்டு திரிவதற்குக் காரணம் அந்தத் தாய்தான்.

சொல்லி வைத்த ஒரு தீவு

அதே சுமாத்ராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு இருக்கிறது. அதிர்ச்சி பிறந்த இடத்துக்கு மிகக் கிட்ட. பத்து நிமிடம் அளவில் அங்கே அலை வந்துவிட்டது. அந்தத் தீவில் அப்போது 75,000க்கு மேற்பட்ட சனம் இருந்தது. இறந்தவர்கள் ஏழு பேர்தான்!

எப்படி? 1907இல் அந்தத் தீவில் ஒரு சுனாமி வந்து ஏராளமானோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வைத்தார்கள். அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் செய்தி. ரேடியோ இல்லை, டெலிபோன் இல்லை, பெரிய படிப்பு இல்லை. 97 வருடம் கழித்து அந்தச் சொல் ஒரு தீவையே காப்பாற்றியது. பாட்டிமார் சொன்ன கதை அத்தனை உயிரைக் காத்தது என்றால், பிள்ளைகளுக்கு நாமும் சொல்லி வைக்க வேண்டாமா?

இன்றைக்கு இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. 2005இல் நம் நாட்டில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அதன் அவசர இலக்கம் 117. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்ராப் பக்கம் 8.6 அதிர்ச்சி வந்தபோது நம் கரையோரத்துக்கு எச்சரிக்கை கொடுத்து மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய அலை வரவில்லை. ஏனென்றால் அந்த முறை அடித்தரை மேலும் கீழுமாக அசையாமல், பக்கவாட்டில் நகர்ந்தது. "சும்மா பயம் காட்டிட்டாங்க" என்று சிலர் பேசினார்கள். அப்படிப் பேசக் கூடாது. நூறு தடவை வீணாக ஓடினாலும் பரவாயில்லை, ஒரு தடவை ஓடாமல் இருந்துவிடக் கூடாது.

கடற்கரையில் இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே போன் எடுத்து இந்த நான்கையும் சொல்லுங்கள்:

1. நிலம் பலமாக ஆடினாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், கடலில் இருந்து பெரிய இரைச்சல் வந்தாலும், யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு. மேடு இல்லையென்றால் பலமான கட்டிடத்தின் மேல்மாடிக்கு ஏறு.
2. மீனுக்கும் படத்துக்கும் கரைக்குப் போகாதே.
3. ஒரு அலையோடு முடியாது. இரண்டாவது, மூன்றாவது இன்னும் பெரிதாக இருக்கலாம். இடையில் பல நிமிடம் சும்மா இருக்கும். பொருள் எடுக்கத் திரும்பிப் போகாதே.
4. எச்சரிக்கை நீங்கியது என்று அறிவிக்கும் வரை கீழே இறங்காதே.

இனி நம் மலைக்கு வருவோம்

பெரியம்மா கேட்டது சரிதான். இந்த மலைக்குக் கடல் ஏறி வராது. ஆனால் நமக்கும் ஒரு அலை இருக்கிறது. அது மண் அலை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எத்தனை மண்சரிவு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பூமியதிர்ச்சியினாலும் மண் சரியும். ஆனால் நம் மலையில் பெரும்பாலும் மழைதான் காரணம். தண்ணீர் உள்ளே இறங்கி மண் பாரமாகிறது, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பிடி விட்டுப் போகிறது. அடைத்துக் கிடக்கிற கானும், சரிவை வெட்டி வீடு போடுவதும், மரத்தைத் தறித்துவிட்டு வெறுமனே விடுவதும் அதற்குத் துணை போகின்றன.

கடல் பின்வாங்குவது போல, மலையும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். நிலத்தில் புதிதாக வெடிப்பு. காம்பராச் சுவரிலும் தரையிலும் விரிசல். நேற்று வரை மூடின கதவு இன்று மூடாமல் இறுகுவது. நேராக நின்ற மரமும் கரண்ட் கம்பமும் சாய்வது. இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று. ஓடிக்கொண்டிருந்த பீலித் தண்ணி திடீரென்று நிற்பது, அல்லது கலங்கி வருவது. மேலே இருந்து உறுமல் சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று படுக்கக் கூடாது.

இன்னொன்று. தோட்டத்தில் மழை அளக்கிறார்கள் அல்லவா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டி மழை விடாமல் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் சாமானைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால் ஆபத்தான சரிவில் இருக்கிறவர்கள் வெளியேறிவிட வேண்டும். பேர் போட்டாச்சா, எத்தனை கிலோ என்று கேட்கிற வாயால், இன்றைக்கு மழை எத்தனை என்றும் கேட்போம்.

போகச் சொன்னால் போதுமா?

இந்த இடத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். "வெளியேறு வெளியேறுன்னு சொல்றீங்க சேர், எங்க போறது? கோழி, மாடு, பிள்ளையோட புத்தகம் எல்லாத்தையும் விட்டுட்டு எவன் வீட்டு வாசலில நிக்கிறது?"

நியாயமான கேள்வி. மீரியபெத்தவிலும் ஆபத்து இருக்கிறது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கை மட்டும் ஒரு குடும்பத்துக்குக் கூரை ஆகாது. போக இடம் வேண்டும். ஆபத்தான இடத்தில் உள்ள லயத்துச் சனத்துக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. சங்கத்திடமும், தோட்ட நிர்வாகத்திடமும், பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து மலையைப் பார்வையிடச் சொல்லுங்கள். கடிதம் எழுத நான் உதவி செய்கிறேன். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அந்த வீடு வரும் வரை உயிரோடு இருக்க வேண்டுமே! அதனால் மூன்று வேலை உடனே செய்வோம். ஒன்று, பெருமழையில் இரவு தங்குவதற்குப் பாதுகாப்பான ஒரு கட்டிடத்தை முன்கூட்டியே கேட்டு முடிவு செய்வது. இரண்டு, வயோதிபர், கர்ப்பிணித் தாய், நடக்க முடியாதவர் எந்த எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள், அவர்களை யார் தூக்குவது என்று பெயர் எழுதி வைப்பது. மூன்று, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பது. இதற்குப் பணம் தேவையில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு சிரமதானம் போட்டுக் கானையும் சுத்தம் செய்தால் இன்னும் நல்லது.

பெரியம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பூமி ஆடுவதையும் கடல் பொங்குவதையும் மலை சரிவதையும் நம்மால் நிறுத்த முடியாது. எப்போது ஆடும் என்று நாள் குறித்துச் சொல்லவும் இன்றுவரை எந்த விஞ்ஞானியாலும் முடியவில்லை. அப்படி யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அடையாளம் தெரிந்தவன் பிழைப்பான். அந்த அடையாளத்தைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உங்களை விட நல்ல ஆள் இல்லை. அடுப்படியில் ரொட்டி சுடும்போது சொல்லுங்கள், தாலாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கடற்கரையில் இருக்கிற பிள்ளைக்குப் போன் பேசுங்கள். இரண்டாவது வேலையாக வெளியே வந்து உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.